சிங்காசனம் ஏற மாட்டேன்

வெட்டுக்கிளியிடம் "முடியாது" என்று சொன்னவர்கள் யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. சொன்னவர் டாக்டராக இருந்தாலும் சரி, மேலதிகாரியாக இருந்தாலும் சரி, கட்டின புருஷனாக இருந்தாலும் சரி. "ஏன் முடியாது?" என்று ஆரம்பித்தாள் என்றால் எதிராளி ஓய்ந்து போகிற வரைக்கும் விடமாட்டாள். மூக்கு மேல் கோபம். கோபத்துக்குக் கீழே ஒரு சின்ன உடம்பு. உடம்புக்குக் கீழே, சும்மா சொல்லக் கூடாது, இரண்டு கால்கள்! அந்தக் குட்டை உருவத்துக்கு அவ்வளவு நீளமான கால் எங்கிருந்து வந்ததென்று பெற்றவளுக்கே விளங்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்த பெயர் வெட்டுக்கிளி. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பயப்படுகிறவர்கள் மட்டும் முன்பாதியை விழுங்கிவிட்டு "கிளியக்கா" என்பார்கள்.

வேலை தபால் துறையில், பார்சல் பிரிக்கும் கொட்டகையில். பெல்ட்டில் ஓடி வரும் பொட்டலங்களை ஊர் பார்த்து எடுத்து அந்தந்தக் கூண்டு வண்டிக்குள் போட வேண்டும். போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் துறை அவளை வேலைக்கு எடுத்தது பொட்டலம் போடுவதற்காக அல்ல, தாண்டுவதற்காக. வருஷா வருஷம் அரசுத் துறைகள் எல்லாம் தங்களுக்குள் ஓடிப்பிடித்துத் தாண்டி எறிந்து மோதிக்கொள்கிற ஒரு போட்டி உண்டு. அதில் மும்முறைத் தாண்டலுக்குத் தபால் துறையின் ஆள் வெட்டுக்கிளி.

மும்முறைத் தாண்டல் என்றால், ஓடி வந்து ஒரு காலால் எழும்பி, அதே காலில் இறங்கி, உடனே மறு காலுக்குத் தாவி, அங்கிருந்து மணலுக்குள் பாய வேண்டும். பார்க்கிறவர்களுக்கு என்னமோ பிள்ளைகள் தெருவில் கட்டம் போட்டு நொண்டி ஆடுகிற மாதிரிதான் தெரியும். செய்து பார்த்தால் அல்லவா தெரியும்! கால் தரையில் படுகிற ஒவ்வொரு தடவையும் உடம்பின் எடை பல மடங்காகி அந்த ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. இறங்கினதை வாங்கிக்கொண்டு, வாங்கின வேகத்திலேயே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொஞ்சம் யோசித்துக் கொடுக்கலாம் என்று கால் நினைத்தாலும் போச்சு, மணல் எட்டாது.

அதற்குத்தான் பெட்டிப் பயிற்சி. ஒரு பெட்டியின் மேல் நின்று, முன்னால் காலை வைத்து அப்படியே கீழே விழ வேண்டும். தரை தொட்ட மறு நொடியே பந்து மாதிரி எழும்பி எதிரே இருக்கும் தடையைத் தாண்ட வேண்டும். விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, கால் பழகிவிடும். உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் தபால் துறை மைதானத்தில் பெட்டி என்றால் அது வேறு கதை.

அங்கே பயிற்சியாளராக இருந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒரு காலத்தில் அவரே பெரிய தாண்டல்காரர். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், எதற்கும் சிரிக்காத முகம். இளம் வயதில் எங்கோ வெளிதேசத்து வீரர்கள் ஆள் உயரத்திலிருந்து குதித்துப் பழகுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, துறையின் பட்டறையில் நின்று தன் மேற்பார்வையில் ஒரு இரும்புப் பெட்டி செய்ய வைத்தார். ஒல்லியாக, நெட்டுக்கு நின்றது. நாலு பக்கமும் தகடு, உச்சியில் ரப்பர், உடம்பெல்லாம் சிவப்புச் சாயம். வெட்டுக்கிளியின் மார்பு உயரம் இருக்கும். மைதானத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் சிங்காசனம்.

சிங்காசனத்திலிருந்து குதிக்கிறவர்கள்தான் மைதானத்தில் மனிதர்கள். போட்டிக்குப் போகிற வேனில் முன் சீட்டு அவர்களுக்கு. தண்ணீர் கேன் முதலில் அவர்களுக்கு. தாழ்ந்த பெட்டிகளில் பழகுகிற மற்றவர்களெல்லாம் பின்னால் பைகளோடு பையாக உட்கார்ந்து வர வேண்டியதுதான். யாரையாவது அறிமுகப்படுத்தும்போதுகூட மாஸ்டர் பெயரைச் சொல்வதற்கு முன் "இவன் சிங்காசனம், அவன் சின்னப் பொட்டி" என்பார். அதைக் கேட்டுச் சின்னப் பெட்டிக்காரனின் முகம் சுருங்கும்.

சிங்காசனம் ஏறிய முதல் பெண் வெட்டுக்கிளி. கேட்கவா வேண்டும்! தலை கால் புரியவில்லை அவளுக்கு. வேனில் டிரைவர் பக்கத்து சீட்டு அவளுடையது, வேறு யாராவது உட்கார்ந்தால் வாயாலேயே எழுப்பிவிடுவாள். புதிதாக வந்த ஒரு உயரமான பெண்ணை, நெட்டை என்று கூப்பிடுவார்கள், அவள் பெட்டியைப் பார்த்துத் தயங்கி நின்றபோது, "ஏண்டி, உன் உயரத்துக்கு அதுல இருந்து விழவே வேணாம், இறங்கி நடந்துடலாமே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் வெட்டுக்கிளிதான். நெட்டை அன்றைக்கே ஏறிக் குதித்தாள். வெட்டுக்கிளி கைதட்டினாள். பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு நாள் காலை, நன்றாக விடிந்து வெயில் ஏறின நேரம், சிங்காசனத்திலிருந்து விழுந்தவளின் குதிகால் தரையில் அறைந்தது. வலது முட்டி உள்பக்கமாக மடங்கிச் சாய்ந்தது. முட்டிக்குள் "டப்" என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டதாம். கீழே கிடந்து காலைப் பிடித்துக்கொண்டு கத்தியவளின் தலைமாட்டில் மாஸ்டர் வந்து நின்றார். நின்று, "இறங்கத் தெரியல," என்றார். அவ்வளவுதான்.

முட்டிக்குள்ளிருந்த தசைநார் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து ஒட்டினார்கள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர், "நடக்கறதுக்கு ஒரு குறையும் வராது. குதிக்கிறதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு வச்சுக்குங்க" என்றார்.

"நீங்க வேணா வச்சுக்குங்க," என்றாள் வெட்டுக்கிளி. "நான் எதுக்கு வச்சுக்கணும்?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவள் புருஷனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். அனுபவஸ்தன்.

புருஷன் லிப்ட் மெக்கானிக். அடுக்கு மாடிகளில் நின்றுபோன லிப்டுகளை ஓட வைக்கிறவன். "மேலே போறதும் கீழே வர்றதும் என் பொழைப்பு. நீ எதுக்கு அதைக் கையில எடுத்த?" என்று கிண்டல் செய்வான். செய்வானே தவிர, அவள் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நாலு மாடி வீட்டுப் படிகளில் ஏறி இறங்கப் பழகியபோது ஒரு படி கீழேயே முதுகைக் காட்டி நின்றவனும் அவன்தான். விழுந்தால் தன் மேல் விழட்டும் என்று. "புடிச்சுக்கவா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டான். அதற்கு அவள் பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவில்லை.

மாதங்கள் போயின. அந்த வருஷத்துப் போட்டி அவள் கட்டிலில் கிடந்தபோதே நடந்து முடிந்தது. தொடர்ந்து இரண்டு வருஷம் போட்டியில் இறங்காதவர்களை அணியிலிருந்து எடுத்துவிடுவது துறையின் சட்டம். அடுத்த வருஷமும் போனால் அவளுக்குத் தாண்டல் கிடையாது, காலையில் மைதானம் கிடையாது, பெல்ட்டும் பொட்டலமும் கூண்டு வண்டியும்தான் வாழ்க்கை. அதை நினைத்து அழுகை வந்தால் கோபமாக மாற்றிக்கொள்வாள். வீட்டில் தட்டுகள் சத்தம் போடும்.

இந்த இடத்தில்தான் நாத்தனார் வருகிறாள். புருஷனின் தங்கை. ஒரு விளையாட்டுக் கல்லூரியின் சோதனைக் கூடத்தில் வேலை. நாத்தனாரும் அண்ணியும் என்றால் வழக்கமாக என்ன நடக்குமோ அது அங்கேயும் குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டுகளின் சத்தம் தாங்காமல் அவள், "அண்ணி, சும்மா வீட்டுச் சாமானை உடைக்கறதுக்கு என்கூடக் கிளம்பி வாங்க. நீங்க எப்படி விழறீங்கன்னு பாக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கூடத்தின் தரையில் ஒரு இரும்புப் பலகை பதித்திருந்தது. அதன்மேல் கால் பட்டால், எவ்வளவு பாரம், எவ்வளவு நேரம் என்பதைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும். நாத்தனார் முதலில் சுற்றி வளைத்துப் பல பரிசோதனைகள் செய்தாள். உட்கார வைத்து, ஒற்றைக் காலில் எழ வைத்து, முட்டி உள்ளே சாய்கிறதா என்று பார்த்தாள். இடுப்புத் தசை பலவீனம், அதுதான் முட்டியைக் காவல் காக்காமல் விடுகிறது என்றாள். அதற்கே வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தாள். கால் தேறின பிறகுதான் பெட்டி. அதுவும் எப்பேர்ப்பட்ட பெட்டி? முட்டி உயரத்துக்கும் கொஞ்சம் கீழே.

வெட்டுக்கிளிக்குச் சுர்ரென்று ஏறியது. "இது என்னடி, பாப்பா குளிக்கிற ஸ்டூலா? நான் எதுல இருந்து குதிச்சவ தெரியுமா?"

"தெரியும் அண்ணி. அதுல இருந்து குதிச்சு எங்க போனீங்கன்னும் தெரியும். ஏறுங்க."

ஏறினாள். விழுந்தாள். எழும்பினாள். திரையில் கோடு ஒரே மேடாக ஏறி இறங்கியது. "போதுமா?" என்று கேட்டவள், பக்கத்தில் இருந்த இடுப்பு உயரப் பெட்டியைக் காட்டி, "அதையும் பாத்துருவோம்" என்றாள். நாத்தனார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஜாதியா அது? கடைசியில் அறையின் ஓரமாக நின்ற ஒரு மெத்தையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "ஒரே ஒரு தடவைதான். ரெண்டாவது தடவைன்னா அண்ணனைக் கூப்பிடுவேன்" என்று மிரட்டிவிட்டு அனுமதித்தாள்.

இந்தத் தடவை கோடு வேறு மாதிரி வந்தது. தொடக்கத்திலேயே ஊசி மாதிரி ஒரு கூர். அப்புறம் ஒரு பள்ளம். அதற்கப்புறம்தான் ஒரு சோம்பேறி மேடு.

"அந்த ஊசி என்னது?"

"உங்க குதிகால் தரையில அடிச்சது. அந்த அடி நேரா முட்டிக்குப் போகுது. அந்தப் பள்ளம் இருக்கு பாருங்க, அப்ப நீங்க எழும்பவே இல்ல, மடங்கி உட்காந்துட்டு இருக்கீங்க. சின்னப் பொட்டியில இருந்து விழறப்ப, தரை வர்றதுக்கு முன்னாடியே கெண்டைக்கால் இறுகித் தயாரா நிக்குது. காத்து நிறைஞ்ச பந்து மாதிரி. பட்ட உடனே எகிறும். உயரம் கூடிப்போனா உடம்பு பயந்துடும் அண்ணி. நீங்க பயப்படலன்னாலும் உங்க தசை பயப்படும். அது தன்னைக் காப்பாத்திக்கத் தளர்ந்து குடுத்துடும். காத்து போன பந்துதான் அப்புறம். எங்க எகிறும்?"

"அப்ப நான் இத்தனை வருஷம் சிங்காசனத்துல இருந்து பழகினது?"

"விழறதுக்குப் பழகியிருக்கீங்க."

வெட்டுக்கிளி பதில் பேசவில்லை. இது ஒரு அதிசயம் என்பதால் இங்கே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. திரையில் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்காட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வேனில் முன் சீட்டு, தண்ணீர் கேன், கைதட்டல், எல்லாம் அந்த ஊசிக்குத்தானா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன் மேலும் வந்தது.

"இது உங்க உடம்புக்கு வந்த கணக்கு," என்றாள் நாத்தனார். "எல்லாருக்கும் இதே உயரம்னு நான் சொல்ல மாட்டேன். நெட்டைன்னு ஒருத்தியைச் சொன்னீங்களே, அவளுக்கு இன்னும் கொஞ்சம் மேல இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். அளந்து பாத்தாத்தான் தெரியும்."

அந்தச் சின்னப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெட்டுக்கிளி மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது சிரிப்பு அலை அலையாக எழுந்தது. "அக்காவுக்கு ஸ்டூல் வந்துருச்சு, டீ சொல்லுங்கடா!" என்றான் ஒரு ஈட்டி எறிபவன். "ஆமாண்டா, உக்காந்து உன் ஈட்டி எங்க போய் விழுதுன்னு பாக்கறதுக்குத்தான். பக்கத்துலயே விழுமே, எழுந்து போக வேண்டியதில்ல," என்று கொடுத்தாள் ஒன்று. அவன் அப்புறம் அவள் பக்கம் வரவில்லை. அவள் பாட்டுக்கு மைதானத்தின் நட்ட நடுவில் பெட்டியை வைத்தாள். ஓரமாக வைக்கலாம், வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று விழுந்து எழும்பினாள். நாள் தவறாமல் எழும்பினாள். கால் தரையில் படுகிற நேரம் குறையக் குறைய, தாண்டுகிற தூரம் கூடிக்கொண்டு வந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

மாஸ்டருக்கும் தெரிந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என் கிரவுண்டுல கால் ஊனத்துக்கு வைத்தியம் பாக்கற வேலையெல்லாம் கிடையாது," என்றார். "குதிக்கிறதுன்னா சிங்காசனம். இல்லன்னா வீடு."

"மாஸ்டர், எல்லார் காலுக்கும் ஒரே அளவு செருப்பா வாங்கித் தர்றீங்க? செருப்புக்கு அளவு பாக்கறீங்க, பொட்டிக்குப் பாக்க மாட்டேங்கிறீங்க. உங்களுக்கு வேணும்னா சோதனைக் கூடத்துக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். கோடு போட்டுக் காட்டுவாங்க."

"எனக்குக் கோடு காட்டற அளவுக்கு வந்துட்டியா நீ?"

பேச்சு முற்றியது. மாஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எல்லோரும் கேட்க அறிவித்தார்: அணித் தேர்வு அன்று, தாண்டல்காரர்கள் ஒவ்வொருவரும் முதலில் சிங்காசனத்திலிருந்து விழுந்து தடையைத் தாண்ட வேண்டும். தாண்டினால்தான் மணலுக்கு அனுமதி. மணலில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிற்றைத் தாண்டுகிறவர்கள் போட்டிக்குப் போகலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் நாத்தனாரே இறங்கி வந்தாள். "அண்ணி, ஒரே ஒரு தடவைதானே. இப்ப இடுப்பு, கால் எல்லாம் நல்லா உறுதியாயிருக்கு. ஒரு தடவை விழுந்தா ஒண்ணும் ஆகாது. ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். குதிச்சிட்டு மணலுக்குப் போயிடுங்க. அவர் மனசும் குளிரும்."

புருஷனும் அதைத்தான் நினைக்கிறான் என்பது அவன் டீ ஆற்றுகிற விதத்திலேயே தெரிந்தது.

"ஒரு தடவை விழுந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் வெட்டுக்கிளி. "ஆனா நான் ஏறினதைப் பாத்து நாளைக்கு இன்னும் பத்துப் பேரு ஏறுவாங்க. 'கிளியக்காவே ஏறிட்டா, உனக்கென்ன கேடு'ம்பாரு அந்த ஆளு. நெட்டையை ஏத்தி விட்டதே நான்தான். அவ இப்ப முட்டி வீங்கிப்போயி, வீட்டுல ஐஸ் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நேத்து நான் கேட்டதுக்கு அழுதா. மாஸ்டர்கிட்டச் சொல்லிடாதக்கா, சின்னப் பொட்டின்னுடுவாருன்னு அழறா. அந்தப் பொட்டியில நான் கால் வைக்க மாட்டேன். மணல் கிடைக்காமப் போனாலும் வைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே ஒழிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் பொட்டலக்காரியாகப் பாக்கி வாழ்க்கையைக் கழிப்பதை அவளால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலை மைதானம் நிறைந்திருந்தது. துறையின் அதிகாரிகள் இரண்டு பேர் பந்தலுக்குக் கீழே நாற்காலியில். புருஷனும் நாத்தனாரும் வேலியோரமாக. நடுவில் சிவப்பாகச் சிங்காசனம், அதற்கு எதிரே தடை. மாஸ்டர் விசிலோடு பக்கத்தில் நின்றார். அவர் கூப்பிட்ட முதல் ஆளே வெட்டுக்கிளிதான். வேண்டுமென்றுதான் முதலில் கூப்பிட்டார், அது எல்லோருக்கும் தெரிந்தது.

அவள் நடந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஏறு," என்றார் மாஸ்டர்.

"ஏற மாட்டேன் மாஸ்டர்."

"அப்ப நகரு. அடுத்த ஆளு."

"நகரவும் மாட்டேன்."

பந்தலில் ஒரு அதிகாரி எழுந்து நின்றார். பின்னால் வரிசையில் கிசுகிசுப்பு ஓடியது. வெட்டுக்கிளிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. யோசித்துச் செய்ததா அது என்று பின்னால் புருஷன் எத்தனையோ தடவை கேட்டான். யோசிக்கிறதாவது! கை தானாகப் போனது. சிங்காசனத்தின் உச்சியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, காலை ஊன்றி ஒரு தள்ளு. ஒல்லியாக நெட்டுக்கு நின்ற சாமான் அல்லவா, தள்ளாடியது. இன்னொரு தள்ளு. தடார் என்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. மைதானத்தில் புழுதி எழுந்தது. விழுந்த சிங்காசனத்தின் உயரம் இப்போது கிட்டத்தட்ட அவள் முட்டி அளவு.

அவள் அதன் மேல் ஏறி நின்றாள். ஏறி நின்று ஒரு காலை முன்னால் நீட்டி விழுந்தாள். முன்பாதங்கள் தரையைத் தொட்டதுதான் தெரியும். தொட்டதா என்றுகூடச் சிலருக்குச் சந்தேகம். உடம்பு எகிறித் தடைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பறந்து அந்தப் பக்கம் இறங்கியது. "அண்ணி!" என்று வேலியோரத்தில் ஒரு குரல் வீறிட்டது.

"சிங்காசனத்துல இருந்துதான் குதிச்சேன் மாஸ்டர்," என்றாள் மூச்சு வாங்க. "தடையும் தாண்டிட்டேன். மணலுக்குப் போகலாமா?"

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "நிமித்துங்கடா அதை!" என்று கத்தினார்.

அதைச் சாய்க்க ஒருத்தி போதுமாயிருந்தது. நிமிர்த்த நாலு பேராவது வேண்டும். அவ்வளவு இரும்பு. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை. "காது கேக்கலயா?" என்று மாஸ்டர் மறுபடி கத்தினார். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து நெட்டை நடந்து வந்தாள். லேசாக நொண்டினாள். நிமிர்த்தத்தான் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வந்து, சாய்ந்து கிடந்த பெட்டியின் மேல் ஏறி நின்று, விழுந்து, எழும்பித் தடையைத் தாண்டினாள். தாண்டிவிட்டு வெட்டுக்கிளியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவள் பின்னால் இன்னொருவன் வந்தான். அப்புறம் அந்த ஈட்டிக்காரன்கூட, அவனுக்குத் தாண்டலும் இல்லை ஒன்றும் இல்லை, சும்மா வந்து ஒரு தடவை விழுந்து எழும்பிவிட்டுப் போனான். மைதானமே சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு.

மாஸ்டர் தனியாகக் குனிந்து இரும்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது ஒரு விரற்கடை எழும்பி மறுபடி விழுந்தது. பந்தலில் எழுந்து நின்ற அதிகாரி, "வெயில் ஏறுது மாஸ்டர், மணலை ஆரம்பிச்சிடலாமே" என்றார். அவருக்கு மதியம் வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.

மணலில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. வெட்டுக்கிளி ஓட்டப்பாதையின் கோடியில் நின்றபோது, முட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்டால் என்ன செய்வது என்ற பயம். "கேட்டா கேக்கட்டும், இது என் கால்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். எழும்புகிற இடத்துப் பலகையில் கால் விழுந்தது. எழும்பினாள். அதே காலில் இறங்கினாள், வலது கால், அறுந்து ஒட்டின கால். அது வாங்கிக்கொண்டது. வாங்கின வேகத்தில் திருப்பிக் கொடுத்தது. இடது கால், அதுவும் கொடுத்தது. அப்புறம் மணல். அவள் இடுப்பு விழுந்த இடமே கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தாண்டல் செல்லும் என்று வெள்ளைக் கொடி எழுந்தது.

"இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு," என்றார் டேப் பிடித்தவர்.

"யாருக்காவது வேணும்னா குடுங்க," என்று மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். வேலியோரத்தில் புருஷன் கத்திய கத்தலில் அவன் குரல் இரண்டு நாளைக்கு வரவில்லை. நெட்டை கயிற்றைத் தாண்டவில்லை. வலியோடு தாண்ட முடியாது. ஆனால் அவள் முகத்தில் அழுகை இல்லை, நாத்தனாரிடம் போய்ச் சோதனைக் கூடத்துக்கு எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தேர்வு முடிந்து கூட்டம் கலையத் தொடங்கியபோது மாஸ்டர் வெட்டுக்கிளியிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று அவள் இடுப்பில் கையை வைத்துத் தயாராக நின்றாள். அவர் மணலைப் பார்த்துக்கொண்டே, "முட்டி எப்படி இருக்கு?" என்றார். விபத்து நடந்ததிலிருந்து அவர் வாயில் வராத கேள்வி.

"நல்லா இருக்கு."

"எனக்கு நல்லா இல்ல," என்றார். "உனக்குக் கேட்டுச்சே ஒரு சத்தம். எனக்கும் அதே சத்தம்தான். அந்தப் பொட்டி செஞ்ச வருஷமே, முதமுதல்ல அதுல இருந்து குதிச்சவன் நான்தானே. சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். அத்தோட என் தாண்டல் முடிஞ்சது. யாருக்கும் தெரியாது. வீட்டுல கூடத் தெரியாது."

வெட்டுக்கிளிக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து ஏறியது. பரிதாபம் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தார். "தெரிஞ்சே ஏத்தினீங்களா?" என்றாள். "நான் கீழே கிடந்தப்ப, இறங்கத் தெரியலன்னு சொன்னீங்களே, தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"என்னால முடியாததை நீங்கள்லாம் செஞ்சீங்க," என்றார் மாஸ்டர். அவர் குரல் கம்மியிருந்தது. "செய்யறதைப் பாக்கறப்ப, பொட்டி மேல தப்பில்ல, என் கால்தான் சரியில்லன்னு இருந்துச்சு. அப்படி நினைச்சுக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"உங்களுக்குத் தூக்கம் வர்றதுக்கு எங்க முட்டியா?"

வெட்டுக்கிளிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்காமலே அவள், "இதை எதுக்கு எங்கிட்ட வந்து ரகசியமாச் சொல்றீங்க? நான்தான் தெரிஞ்சுக்கிட்டேனே. அதோ நிக்கிறாங்க பாருங்க, அவங்களுக்குச் சொல்லுங்க. எத்தனை பேரு வீங்கின முட்டியை மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்களோ" என்றாள்.

"சொல்றேன். ஒரு நாள் பாத்து..."

"ஒரு நாள் எல்லாம் கிடையாது. இப்பவே."

அவர் அவளைப் பார்த்தார். அவள் நகர்கிற மாதிரி தெரியவில்லை. மெல்லத் திரும்பி, பைகளை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நோக்கி நடந்தார். அவர் நடுவழியில் மனசு மாறித் திரும்பிவிடாமல் வெட்டுக்கிளி ஒட்டினாற்போல் பின்னாலேயே போனாள். அவர் விசில் ஊதினார். எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து என்னமோ முணுமுணுத்தார். முன்னால் நின்றவர்களுக்கே கேட்கவில்லை.

"சத்தமா, மாஸ்டர்," என்றாள் வெட்டுக்கிளி.